வழுக்குப்பாறை இறக்கத்தில் முருகன் போட்ட கியர்

இரண்டு வருஷம் நான் முருகனிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டேன். எனக்கு மலை டூட்டி வேண்டாம். வேறு எதுவும் கேட்கவில்லை. அதைக்கூட அவன் கொடுக்கவில்லை. கடைசியில் கோபம் வந்துவிட்டது. சந்நிதியில் நின்றுகொண்டே, "நீ மலைமேல சொகமா ஒக்காந்திருக்க, ஒனக்கு என்ன தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

கிருத்திகைக்குக் கூடும் நம் அன்பர்களில் பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் சோலை. சொந்த ஊர் டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே ஒரு சின்னக் கிராமம். விவசாயக் குடும்பம். எனக்கு மண்வெட்டியைவிட ஸ்டியரிங் பிடித்திருந்தது. முதலில் லாரி ஓட்டினேன். பிறகு தல்லாகுளத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் ஜீப் டிரைவர் வேலை கிடைத்தது. குடித்தனம் ஆரப்பாளையத்தில்.

எங்கள் ஆபீசுக்குச் சாப்டூர் பக்கத்து மலையில் ஒரு வேலை இருந்தது. மலை ஓடையில் சின்னதாக ஒரு தடுப்பணை கட்டி, கீழே இருக்கும் கண்மாய்களுக்குத் தண்ணீர் திருப்பவேண்டும். அதற்காக அடிக்கடி மலை ஏறி அளந்து வருவார்கள். போவதற்கு ரோடு கிடையாது. பழைய காலத்தில் மரம் வெட்டி இறக்கிய தடம்தான். ஏழு மைல், பதினோரு வளைவு. நடுவில் வழுக்குப்பாறை என்று ஒரு இடம். ஒரே பாறை, வீட்டுக்கூரை மாதிரிச் சரிந்து கிடக்கும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியால் அங்கே ஒன்றும் ஆகாது. நாலு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்படி ஜீப்பில் தனியாகச் சின்னக் கியர் கம்பி இருக்கும். அதைப் போட்டுத்தான் ஏறவேண்டும், அதைப் போட்டுத்தான் இறங்கவேண்டும். எங்கள் ஆபீசில் அந்தத் தடத்தில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்கு ரொம்பக் கர்வம்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம். மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியில் நானும் பெருமாளும் மட்டும். பெருமாள் எங்கள் ஆபீஸ் செயின்மேன். நிலம் அளக்கிற சங்கிலியையும் கோலையும் தூக்கி வருகிறவர். என்னைவிட நாலு வயது சின்னவர். ஐந்தாவது வளைவில் வண்டி ஓடிவந்து இடதுபக்கப் பாறையில் மோதியது. எனக்கு நெற்றியில் சின்னக் காயம். பெருமாளுக்கு இடதுகால் வண்டித் தகட்டுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்து எழுந்தார். கால் இருக்கிறது. ஆனால் முட்டி மடங்காது. இழுத்து இழுத்துத்தான் நடக்கவேண்டும்.

விசாரணை வைத்தார்கள். கியர் தானாக நழுவிவிட்டது, நான் என்ன செய்ய முடியும் என்று எழுதிக் கொடுத்தேன். பெருமாளும் கட்டிலில் படுத்தபடியே, "அண்ணன் மேல தப்பில்ல சார்" என்று சொல்லிவிட்டார். கோப்பை மூடிவிட்டார்கள்.

நடந்தது அது இல்லை. கியர் நழுவவில்லை. நான்தான் நியூட்ரலில் போட்டேன். வழுக்குப்பாறையைத் தாண்டியாயிற்று, இனிமேல் எதற்கு உறுமிக்கொண்டு இறங்கவேண்டும் என்று கியரை எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் உருளவிட்டேன். லாரி ஓட்டின காலத்துப் பழக்கம். அப்படி இறங்குவது எனக்கு ஒரு பெருமை. அதற்குச் சற்று முன்புதான் ஓடையைத் தாண்டியிருந்தோம். பிரேக் நனைந்திருந்தது. மிதித்தேன், பிடிக்கவில்லை. கியருக்குத் திருப்பப் பார்த்தேன், பல் உரசிக் கத்தியதே தவிர உள்ளே போகவில்லை. அதற்குள் பாறை வந்துவிட்டது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

அதற்குப் பிறகு மலைத்தடத்தில் ஏறினாலே என் கை நடுங்க ஆரம்பித்தது. முதல் வளைவில் விரல் நடுங்கும். மூன்றாவது வளைவில் முழங்கை வரைக்கும் வந்துவிடும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போனது. சமவெளியில் எண்பது மைல் ஓட்டினாலும் ஒன்றும் இல்லை. மலையைப் பார்த்தால் போதும்.

முதுகுவலி என்று மனுக் கொடுத்தேன். கண் மங்கலாக இருக்கிறது என்று கொடுத்தேன். மூன்றாவது தடவை இன்ஜினியர் ஐயா ராமநாதன் மனுவை வாங்கவே இல்லை. "இந்தா பாரு சோலை, அந்தத் தடத்துல ஓட்ட ஒன்னவிட்டா யாருய்யா இருக்கா? அணை வேலை முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மைக் காரணத்தை நான் சொல்லவில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

பெருமாளுக்கு அதே ஆபீசில் பியூன் வேலை கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் அவர் முகத்தில்தான் விழிக்கவேண்டும். அவர் கையிலிருக்கும் கோப்புகளை வாங்கி நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். டீ வாங்கிக் கொடுப்பேன். "எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம்" என்பார். அந்த 'அண்ணே' கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவர்மேலா, என்மேலா என்று தெரியாது.

அந்த எரிச்சல் வீட்டுக்கும் வந்தது. ஆரப்பாளையத்தில் பஸ் கண்டக்டரோடு சண்டை. கடைக்காரரோடு சண்டை. சோற்றில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவேன். கிருத்திகை விரதம் இருந்தேன், சஷ்டி விரதம் இருந்தேன். திருப்பரங்குன்றத்துக்கு மாதம் தவறாமல் போனேன். பழனிக்கு நடந்தே போய் வந்தேன். காலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். திரும்பி வந்த மறுநாளே மலை டூட்டி போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் செம்பைத் தூக்கி எறிந்தேன். என் மனைவி ராஜாமணி அதை எடுத்து வைத்துவிட்டு, "அம்புட்டுத் தூரம் நடந்து போயி என்னதான் கேட்டீக?" என்றாள்.

"மலை டூட்டி வேணாம்னு கேட்டேன்."

"மலைக்காரன்கிட்டயே போயி மலை வேணாம்னு கேட்டா எப்படிங்க குடுப்பான்?" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்பதாம் வருஷம் ஐப்பசி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தல்லாகுளத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் ஐயா வந்தார். பின்னாலேயே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பெருமாள் காலை இழுத்து இழுத்து வந்தார்.

"அந்தப் புதுச் செயின்மேன் கல்யாணத்துக்குப் போயிட்டான். பெருமாளுக்கு வேலை தெரியும், கூட்டிட்டுப் போவோம்" என்றார் ஐயா.

"நானும் வாரேண்ணே" என்றார் பெருமாள். முகத்தில் ஒரு சந்தோஷம். இரண்டு வருஷமாக டேபிளுக்கு டேபிள் கோப்பு தூக்கிய மனுஷனுக்குப் பழைய வேலை ஒரு நாளாவது கிடைத்ததே என்று.

நான் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். திருமங்கலம் வழியாகக் கிளம்பினோம். டி. கல்லுப்பட்டியில் டீக்கு நிறுத்தினோம். அங்கே பெருமாள் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, அந்த எடம் இன்னமும் அப்படியேதான் இருக்கா?"

"எந்த எடம்?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"அதான்ணே... நாம முட்டுன எடம்."

டம்ளரை வைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்தாவது வளைவு வந்தது. அந்தப் பாறையில் எங்கள் ஜீப்பின் பச்சைப் பெயிண்ட் ஒரு கோடாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெருமாள் எட்டிப் பார்த்து, "நம்ம வண்டிப் பெயிண்ட்டு" என்று சிரித்தார். என் கை நடுங்கியதில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. ஐயா என்னைப் பார்த்து, "என்னய்யா, காய்ச்சலா?" என்றார். "இல்லைங்கய்யா" என்றேன். சின்னக் கியரைப் போட்டு வழுக்குப்பாறை ஏறினோம். எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்ததும், சமதரையில் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்காகச் சின்னக் கியரை எடுத்துவிட்டேன்.

அணை கட்டுகிற இடத்தில் அளவு எடுத்தார்கள். பகல் பதினொன்றரை மணி இருக்கும். ஐயா ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று கருவியில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் பெருமாள் கோலை நட்டுப் பிடித்திருந்தார். "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்று ஐயா கை காட்டினார். பெருமாள் கோலைத் தூக்கி நகர்த்தினார். கோலின் நுனி மேலே கிளையில் எதிலோ இடித்தது.

கதண்டுக் கூடு.

கதண்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குளவி இனம்தான். ஆனால் கட்டைவிரல் பருமன் இருக்கும். பத்துக் கொட்டு விழுந்தாலே ஆள் சுருண்டுவிடுவான். அது ஒன்றிரண்டாக வராது. கூட்டமாகக் கிளம்பி விரட்டி விரட்டிக் கொட்டும்.

"ஓடுங்க" என்று யார் கத்தினார்கள் என்று தெரியவில்லை. ஐயா ஓடி ஓடைக் குட்டையில் விழுந்து முங்கினார். நான் ஜீப்புக்கு ஓடினேன். ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தேன்.

பெருமாள் ஓடப் பார்த்தார். அவரால் முடியவில்லை. ஒரு காலை எடுத்து வைக்கிறார், மற்றக் கால் பின்னாலேயே கிடக்கிறது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அந்தக் காலை இழுக்கிறார். தலையெல்லாம் கதண்டு. மடங்காத அந்தக் கால் யார் கொடுத்தது? நான் கொடுத்தது.

நான் ஜீப் ஓரத்தில் நின்றேன். ஐந்தாறு எண்ணுகிற நேரம் நின்றிருப்பேன். அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பிறகு வண்டிப் படுதாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அவரைப் படுதாவோடு கீழே தள்ளி மேலே விழுந்து மூடினேன். எனக்கு முதுகிலும் கழுத்திலும் நாலு கொட்டு. தீக்கம்பியால் இழுத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவை போய்விட்டன.

படுதாவை விலக்கிப் பார்த்தால் பெருமாள் முகம் அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிவிட்டன. உதடு தடித்துத் தொங்கியது. பிறகு ஆஸ்பத்திரியில் எண்ணியபோது இருபத்துமூன்று கொட்டு. மூச்சு விசில் மாதிரி வந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தார். நானும் ஐயாவும் தூக்கிப் பின்சீட்டில் போட்டோம். ஐயா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுய்யா, சீக்கிரம் எடு."

சின்னக் கியர் கம்பியைத் தள்ளினேன். விழவில்லை. இழுத்துத் தள்ளினேன். காலால் உதைத்தேன். கல் மாதிரி நின்றது. "என்னய்யா பண்ற? மூச்சு இழுக்குதுய்யா!" என்று ஐயா கத்தினார். சரி, போகிற வழியில் விழுந்துவிடும் என்று முதல் கியரிலேயே கிளம்பிவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் அதை இடித்துப் பார்த்தேன். திட்டினேன். வண்டியைத் திட்டினேன், பட்டறையைத் திட்டினேன், முருகனைத் திட்டினேன். பழனிவரை நடந்த காலைத் திட்டினேன். விழவில்லை.

வழுக்குப்பாறையின் தலைமாட்டுக்கு வந்தோம். அப்போது பார்த்து மழை தூற ஆரம்பித்தது. பாறை கண்முன்னாலேயே கறுத்துப் பளபளவென்று ஆகிவிட்டது. நான் வண்டியை நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டிட்ட?"

"ஐயா, சின்னக் கியர் விழ மாட்டேங்குது. நனைஞ்ச பாறையில இது இல்லாம எறங்குனா வண்டி நிக்காதுங்க. மூணு பேரும் பள்ளத்துலதான் கெடப்போம்."

"தூக்கிட்டு நடந்துருவோமா?"

"அடிவாரம் நாலு மைலுங்கய்யா. அம்புட்டு நேரம் தாங்காது."

"வேற வழியே இல்லையா?"

ஒரு வழி இருந்தது. எனக்கு அது மேலேயே தெரியும், நியூட்ரல் என்றாலே பயந்து அதைச் செய்யாமல் வந்திருந்தேன். வழக்கமாகப் போடுகிற பெரிய கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை விட்டு, வண்டியை ஒரு சாண் உருளவிட்டால் உள்ளே பல்லோடு பல் உட்காரும். உட்காருகிற நேரத்தில் கம்பியைத் தள்ளினால் விழும். உட்காரவில்லை என்றால் மறுபடி பிரேக் பிடிக்கவேண்டும். பிடிக்காமல் போனால் முன்னால் இருப்பது வழுக்குப்பாறை.

ஐயாவிடம் சொன்னேன். "அப்ப அதச் செய்யி" என்றார்.

நியூட்ரலில் போட்டேன். வலதுகால் பிரேக்கில் இருந்தது. காலை எடுக்கவேண்டும். எடுக்க முடியவில்லை. கை நடுங்கிய நடுக்கத்தில் கியர் கம்பியே கடகடவென்று ஆடியது. கால் மரத்துப்போய்விட்டது. உண்மையாகச் சொல்கிறேன், அந்தக் காலை என்னால் அசைக்க முடியவில்லை.

"சோலை!" என்று ஐயா அதட்டினார்.

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை.

"ஐயா, அன்னைக்குக் கியர் நழுவல. நாந்தான் நியூட்ரல்ல போட்டு எறங்குனேன். பெருமாளு காலு போனது என்னாலதான். பொய் சொல்லிட்டேன்யா. பொய் எழுதிக் குடுத்துட்டேன்."

"இப்ப இதுவாய்யா பேசுற நேரம்?" என்று ஐயா கத்தினார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆள் செத்துக்கிட்டு இருக்கான்யா!"

பின்னால் பெருமாள் ஏதோ முனகினார். தடித்த உதட்டில் வார்த்தை குழறியது. ஐயா குனிந்து கேட்டார். எனக்கும் கேட்டது.

"தெரியும்ணே... வண்டிய எடுங்க."

நான் கண்ணை மூடினேன். முருகா என்றேன். மலை வேண்டாம் என்று இனிமேல் கேட்கமாட்டேன். உன்னிடமும் பொய் சொல்லிக்கொண்டே கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் வேண்டாம். என் வேலை போகட்டும். இந்த மனுஷன் கீழே போய்ச் சேரவேண்டும். அவ்வளவுதான் சொன்னேன். பாட்டு இல்லை, மந்திரம் இல்லை.

கால் பிரேக்கிலிருந்து எழுந்தது. நான் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வண்டி உருண்டது. ஒரு சாண் தாண்டியது. ஒரு முழம் ஆயிற்று. முன்சக்கரம் ஈரப்பாறையில் ஏறிவிட்டது. கம்பியைத் தள்ளினேன்.

டக்.

வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. பெரிய கம்பியையும் முதல் கியரில் போட்டேன். இன்ஜின் ஒரு இழுப்பு இழுத்து வண்டியைப் பிடித்து நிறுத்தியது. இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்த மாதிரி இறக்கத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது. தொட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். இன்ஜின் தானாக இறக்கவேண்டும், நாம் ஸ்டியரிங்கை மட்டும் பார்க்கவேண்டும். பாதியில் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கியது. ஐயா "ஆண்டவா" என்றார். ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே கொஞ்சம் கொடுத்துத் திருப்பினேன். வண்டி நேரானது. மழைத்தண்ணீர் எங்கள் கூடவே இறங்கியது.

ஓடை தாண்டி, ஐந்தாவது வளைவும் தாண்டி, மாந்தோப்பு தெரிந்தபோதுதான் என் கையைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை.

டி. கல்லுப்பட்டியில் ஒரு டாக்டர் வீட்டு வாசலிலேயே வண்டியை ஏற்றிவிட்டேன். அவர் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்து, கழுவிக்கொண்டு இரண்டு ஊசி போட்டார். மூச்சு கொஞ்சம் சீரானது. உடனே மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனோம்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. கதண்டு விஷம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்றார்கள். மறுநாள் அவருக்குச் சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனது. அதுவும் கொஞ்சம்தான். மூன்று நாள் பார்ப்போம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெருமாளின் மனைவி செல்லத்தாயி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "நீங்க இல்லைன்னா இந்நேரம்..." என்று அழுதார். என்னால் அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நியூட்ரலில் போட்டதை, பொய் சொன்னதை, கால் மடங்காததால்தான் அவரால் ஓட முடியவில்லை என்பதை.

அவர் குவித்த கையை இறக்கிவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தேன். ராஜாமணி சோறு கொண்டுவந்தாள். அவளிடமும் சொன்னேன். அவள், "இதுக்குத்தான் நான் வச்ச தட்டத் தள்ளுனீகளா?" என்றாள். சோற்றுத் தூக்கைச் செல்லத்தாயிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று பகலும் அங்கேதான் இருந்தேன். பெருமாள் பிழைக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. இந்தத் தடவை முருகனோடு சண்டை போடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து, "நிறம் தெளிஞ்சிருக்கு, நல்லாவே போகுது" என்றார். செல்லத்தாயி தரையில் உட்கார்ந்து அழுதார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஒரு வாரம் கழித்துப் பெருமாள் என்னைக் கூப்பிட்டார். வீக்கம் வடிந்து கண் திறந்திருந்தது.

"பெருமாளு, ஒனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன்.

"பக்கத்துலதானண்ணே ஒக்காந்திருந்தேன். இஞ்சின் உறுமல் அடங்குனது எனக்குக் கேக்காதா?"

"அப்பறம் ஏன் எனக்காகப் பொய் சொன்ன?"

"ஒங்க வேல போயிட்டா என் காலு வந்துருமா?" என்றார். "ஆனா நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன். டீ வாங்கிட்டு வரும்போதெல்லாம், இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு பாப்பேன். நீங்க டம்ளர வச்சிட்டுப் போயிருவீக. அதுலதாண்ணே எனக்குக் கோவம். காலுல இல்ல."

"இப்பவும் கோவமா?"

"இருக்கு" என்றார். "இருந்துட்டுப் போகட்டும். அந்தத் தண்ணியக் கொஞ்சம் எடுங்க."

ஆபீசுக்குப் போய் நானே கைப்பட எழுதிக் கொடுத்தேன். ஐயா ராமநாதன் அதை வைத்துக்கொண்டு, "எழுதித்தான் ஆகணுமாய்யா?" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். பல மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பதவி உயர்வும் போயிற்று. ஊரில் அண்ணன் நிலத்தில் மண்வெட்டி பிடித்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் நான் ஒரு தட்டையும் தள்ளிவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த ஜீப்பைப் பட்டறையில் பிரித்தார்கள். மெக்கானிக் பாய் உள்ளேயிருந்து ஒரு இரும்பு முட்கரண்டி மாதிரிச் சாமானை எடுத்துக் காட்டினார். கம்பியைத் தள்ளும்போது பல்லை நகர்த்துவது அதுதான். அது வளைந்து ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. "யா அல்லா! இத வச்சு எப்படிய்யா கியர் விழுந்துச்சு? நான் சுத்தியால அடிச்சும் நகரல" என்றார். உருண்ட வேகத்தில் விழுந்திருக்கலாம் என்று அவரே பிறகு சொன்னார். இருக்கலாம். நான் அவரோடு வாதாடவில்லை. அந்தக் கம்பி என் கையில் எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் நான் கேட்ட வரத்தை அவன் ஏன் கொடுக்கவில்லை என்பதும் இப்போது தெரியும். கொடுத்திருந்தால் அந்தப் பொய்யோடு சமவெளியில் சௌக்கியமாக ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

மறுபடி வேலைக்குச் சேர்த்தபோது, இனி மலைக்கு வேறு ஆள் போடுகிறோம், நீ டவுனுக்குள் ஓட்டு என்றார்கள். நான் ஒருகாலத்தில் விரதமிருந்து கேட்ட வரம். நான் ஐயாவிடம் போய் மலை டூட்டியே கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். எட்டு வருஷமாக அந்தத் தடத்தில் ஓட்டுகிறேன். ஒரு இறக்கத்திலும் நியூட்ரல் போட்டதில்லை. புதிதாக வருகிற டிரைவர்களிடம் என் கதையை முதலில் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.

செல்லத்தாயி ஒன்றரை வருஷம் என்னோடு பேசவில்லை. ஒரு பங்குனி உத்திரத்தன்று கோயில் வாசலில் எதிரே வந்தவர், "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு வேறு பிரசாதம் தேவைப்படவில்லை.

அன்பர்களே, உங்களில் யாராவது என்னைப்போல ஒரே விஷயத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருக்கலாம். விரதம் இருந்தேன், நடந்தேன், கும்பிட்டேன், ஒன்றும் நடக்கவில்லையே என்று மனம் வெந்துபோயிருக்கலாம். உங்கள் கஷ்டமெல்லாம் உங்கள் தப்பினால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. என் கதை எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் சொல்லாமல் வைத்திருக்கிற ஏதாவது ஒன்று உங்கள் நெஞ்சில் கிடந்தால், அதை அவனிடம் சொல்லிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே போய் நில்லுங்கள். அவன் கோபித்துக்கொள்ளமாட்டான். என் திட்டையெல்லாம் இரண்டு வருஷம் வாங்கிக்கொண்டு நின்றவன் அவன். அதற்குப் பிறகும் என் பக்கத்து ஆளைக் காப்பாற்றிக் கொடுத்தான், என்னையும் சேர்த்து.

முருகன் எல்லோரையும் காக்கவேண்டும். முதலில், நாம் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களைக் காக்கவேண்டும்.